வீராசாமியின் உடம்பில் காயமில்லை

போன மாதம் கிள்ளானில் இளம் மருத்துவ உதவியாளர்களின் கூட்டம் ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். திரையில் ஓர் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. கார்டியோஜெனிக் ஷாக் பற்றிய பாடம். இதயம் தளர்ந்து, உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை அனுப்ப முடியாமல் போகும் நிலை அது. பாடம் முடிந்ததும் ஒரு பெண் எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டார். "அங்கிள், ஈசிஜி இல்ல, எக்கோ இல்ல, எஸ்டேட் ஆஸ்பத்திரில இத எப்படி லா கண்டுபிடிச்சீங்க?"

சாப்பாட்டு நேரம் நெருங்கியதால் தலைவர் சிரித்தபடி கூட்டத்தை முடித்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்த பதிலை இங்கே எழுதுகிறேன். வீராசாமியைப் பற்றிச் சொல்லாமல் அந்தப் பதிலைச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஜப்பான்காரன் போன பிறகு கோலாலம்பூரில் டிரெசர் என்ற தோட்டத்து மருத்துவ உதவியாளர் வேலைக்குப் பயிற்சி எடுத்தவன் நான். புண் கட்டுவது, தையல் போடுவது, மலேரியாவுக்கு மருந்து கலப்பது, பிரசவத்தில் கைகொடுப்பது எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். ஷாக் என்றால் ரத்தம் போவதால் வருவது, உடனே சேலைன் ஏற்ற வேண்டும் என்பதுதான் எங்கள் தலையில் ஏறியிருந்தது.

கோலசிலாங்கூர் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது காட்டில் ஒளிந்து போராடிய கம்யூனிஸ்ட்களுக்கு எதிராக வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி. வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள், எஸ்.சி. என்று நாங்கள் சுருக்கி அழைத்த காவலர்கள். ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்களின் இடுப்புத் துணியைக்கூட அவிழ்த்துச் சோதித்தார்கள். காட்டில் இருக்கும் ஆட்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்று, வீட்டில் சோறாக்கவே தடை. தோட்டத்துப் பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிய சோற்றைத்தான் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கிப் போவார்கள்.

நான் வந்த சில வாரங்களில், ரோந்து போன யூசோப் என்ற எஸ்.சி.யைத் தொடையில் குண்டு துளைத்த நிலையில் தூக்கி வந்தார்கள். வெளுத்துச் சில்லிட்டுக் கிடந்தார். ரத்தத்தை நிறுத்தி, சேலைன் ஏற்றினேன். மாலைக்குள் நாடி சீராகிவிட்டது. கண் திறந்து, "தெரிமா காசே, டிரெசர்" என்று மலாயில் நன்றி சொன்னார். அன்று எனக்குத் தலை கால் புரியவில்லை. ஷாக் என்ற பூதத்தை நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

வாரத்துக்கு ஒரு முறை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துபோன டாக்டர் கனகசூரியம் யாழ்ப்பாணத்துக்காரர். நெடுநெடுவென்று உயரம். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு கறை இருக்காது. நோயாளியிடம் அவர் ஒருபோதும் "பயப்படாதேயும்" என்று சொன்னதில்லை. பயப்பட வேண்டியதாக இருந்தால் அதையும் சொல்லிவிடுவார். ஸ்டெதஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் நெஞ்சில் வைப்பார். எல்லாரும் முகத்திலிருந்து தொடங்குவார்கள். அவர் பாதத்திலிருந்து தொடங்குவார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொள்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை. பெரியவர்களின் பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

வீராசாமி எங்கள் தோட்டத்து லோரி டிரைவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அகன்ற தோள், கனத்த குரல், வாயில் எப்போதும் சுருட்டு. லயத்தில் மாரடித்துச் சண்டை போடுகிறவர்கள்கூட அவர் ஹார்ன் சத்தம் கேட்டால் அடங்கிவிடுவார்கள். மனைவி அஞ்சலை பால்வெட்டுக்காரி. இரண்டு பெண் பிள்ளைகள். டவுனிலிருந்து அரிசி ஏற்றி வருவது வீராசாமியின் பொறுப்பு. அதற்குப் போலீஸ் காவல் உண்டு. முன்னால் கவச வண்டி போகும், மற்ற வண்டிகள் பின்னாலேயே ஒட்டிப் போக வேண்டும், எங்கேயும் நிற்கக் கூடாது. நின்றால் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

அன்று டாக்டர் வரும் நாள். அவர் காரும் அந்த வரிசையில்தான் வந்தது. முதலில் கவச வண்டி, பிறகு டாக்டரின் கார், கடைசியில் வீராசாமியின் லோரி. அசாம் ஜாவா என்ற ஊரைத் தாண்டித் தோட்டத்துப் பாதையில் திரும்பி, ஒரு வளைவைக் கடந்து வெகுதூரம் வந்த பிறகுதான் கவச வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். லோரியைக் காணவில்லை. டாக்டரை நிற்காமல் தோட்டத்துக்குப் போகச் சொல்லிவிட்டு அவர்கள் திரும்பினார்கள். அதற்குள் ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து பெண்கள் வார்டில் ஒரு பிரசவத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். அப்போது வாசலில், "சுட்டுட்டாங்க! டிரைவரண்ணன சுட்டுட்டாங்க!" என்று கூச்சல். நான்கு பேர் வீராசாமியைத் தூக்கி வந்து கட்டிலில் போட்டார்கள்.

முகம் சாம்பல் பூத்திருந்தது. உதடு நீலம். சட்டை தண்ணீரில் முக்கியது போல நனைந்திருந்தது, அத்தனையும் வேர்வை. நாடியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. நூல் போல மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. கையில் பிரஷர் பட்டையைக் கட்டி ஸ்டெதஸ்கோப்பில் கேட்டால் சத்தமே இல்லை. சட்டையைக் கிழித்தேன். நெஞ்சு, வயிறு, முதுகு, அக்குள், தொடை எல்லாம் தேடினேன். ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே எங்கோ ரத்தம் போகிறது என்று எண்ணிக்கொண்டு, கை நரம்பில் ஊசியேற்றி சேலைன் பாட்டிலைத் தொங்கவிட்டேன். முதல் சொட்டுகள் இறங்கத் தொடங்கியபோது டாக்டர் கைகளைத் துடைத்தபடி வந்தார்.

வழக்கம்போல் கால்மாட்டில் நின்றார். பாதங்களைப் பிடித்தார்.

"இஞ்சை வந்து தொட்டுப் பாரும். குளிர் எதுவரைக்கும் ஏறிக் கிடக்குது?"

தொட்டேன். பாதம் ஈரக் கல் போல இருந்தது. முழங்கால் வரைக்கும் குளிர்.

"முழங்கால் வரைக்கும், ஐயா."

"நகத்தை அமத்தி விடும். நிறம் எப்ப திரும்புது எண்டு பாரும்."

கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்த நகம் வெளுத்தபடியே இருந்தது. மிக மெதுவாகத்தான் நிறம் திரும்பியது.

"இது மட்டும் பாத்தால் ரத்தம் போனவன் மாதிரித்தான் தெரியும். யூசோப்பும் இப்படித்தான் கிடந்தவன். இனி கழுத்தைப் பாரும்."

வீராசாமியைச் சற்று நிமிர்த்தித் தலையணையில் சாய்த்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினார். கழுத்து நரம்பு தாடை வரைக்கும் புடைத்து நின்றது. நாடியே கிடைக்காத மனிதரின் கழுத்தில் கயிறு போல ஒரு நரம்பு.

"ரத்தம் போனவனுக்கு இந்த நரம்பு படுத்துக் கிடக்கும். இவருக்கு நிறைஞ்சு நிக்குது. ரத்தம் குறையேல்லை, தம்பி. வந்த ரத்தத்தை எடுத்து அனுப்ப இதயத்தாலே ஏலாமல் கிடக்குது. சேலைனை நிப்பாட்டும்."

நான் குழாயை மூடினேன். அவர் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் சூடாக்கி, முதுகின் அடிப்பக்கம் வைத்துக் கேட்டுவிட்டு, அதை என் காதில் மாட்டினார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் உள்ளே ஈர விறகு எரிவது போலச் சடசடவென்று சத்தம்.

"நுரையீரலில் தண்ணி. இன்னும் நீர் ஏத்தினால் ஆள் மூழ்கிப் போவார்."

ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வந்தோம். வலியடங்கக் கொஞ்சமாக மார்ஃபின் ஊசி போட்டார். சிறுநீர் போனாரா என்று கேட்டார். குழாய் போட்டுப் பார்த்தபோது சில துளிகளே வந்தன. "சிறுநீரகத்துக்கும் ரத்தம் எட்டேல்லை" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். பாதையை ராணுவம் அடைத்துவிட்டிருந்தது. அடைக்காவிட்டாலும் இந்த உடம்பு அந்தக் குலுக்கலைத் தாங்காது என்றார். பிறகு என்னை ஜன்னலோரம் அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். "பிழைக்க மாட்டார். ஆனால் தனியாக விடாதேயும்."

அஞ்சலையை ரப்பர் வெட்டுக்காட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். பால் வாளியின் நாற்றத்தோடு அப்படியே ஓடி வந்தவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க சுட்டாங்க? எங்க சுட்டாங்க?" என்று கேட்டாள். சுடவில்லை, நெஞ்சு நோய் என்று சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நாலஞ்சு நாளா நெஞ்சுல காத்து பிடிச்சிருக்குன்னாரு. இஞ்சியத் தட்டிக் குடிச்சாரு, தைலம் தேச்சாரு. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னேன். டிரெசர்கிட்ட போனா லோரிய விட்டு எறக்கிடுவாங்கன்னாரு."

டாக்டர் தலையசைத்தார். "இடது கை நோகுது எண்டு சொன்னவரோ?"

"ஆமாங்க. கியர் போட்டுப் போட்டு வலிக்குதுன்னாரு."

அந்த நேரத்தில் போலீஸ் அதிகாரி வந்தார். வெள்ளைக்காரர், முப்பது வயதைத் தாண்டாதவர், கண்கள் சிவந்திருந்தன. சமீபத்தில்தான் அவருடைய ஆட்கள் சிலர் பதுங்கித் தாக்கியவர்களிடம் பலியாகியிருந்தார்கள். அவரோடு மொழிபெயர்க்க ஓர் ஆள். லோரியில் உதவியாளாகப் போன சின்னப்பனையும் கைவிலங்கோடு வெளி வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். அவன் போலீஸிடம் உண்மையைத்தான் சொல்லியிருந்தான்: பாதையில் மரம் கிடக்கவில்லை, யாரும் மறிக்கவில்லை, டிரைவரண்ணன் தானாகவே லோரியை நிறுத்தினார், நிறுத்திய பிறகுதான் காட்டு ஆட்கள் ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து வந்தார்கள், வானத்தை நோக்கி ஒரு தரம் சுட்டுவிட்டு மூட்டைகளை இறக்கிக்கொண்டு போனார்கள். இதற்குமேல் அதிகாரிக்கு என்ன வேண்டும்? காவல் வண்டி கண் மறைந்ததும் நின்ற லோரி. காயமே படாத டிரைவர். போன அரிசி.

அதிகாரி கட்டிலருகே குனிந்து கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். "லோரிய யார் நிறுத்தச் சொன்னா?"

வீராசாமி கண்ணைத் திறந்தார். பார்வை எங்கோ கூரையில் நின்றது. "நாந்தான் நிப்பாட்டுனேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "எறங்கணும்... காத்து வேணும்... அஞ்சல, ஜன்னலத் தொற" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் முதல் வார்த்தைகளை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்திக்கொண்டார். அதிகாரி நிமிர்ந்தார். டாக்டர் மீதியையும் தாமே ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, "இந்த மனிதருக்கு மூளைக்கு ரத்தம் போவது குறைந்துவிட்டது. இவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்கும் அளவுக்கு இவரிடம் தெளிவு மிச்சமில்லை" என்றார்.

"கொள்ளையில் பயந்துபோய் இப்படி ஆகியிருக்கலாமே, டாக்டர்? லோரியை நிறுத்தியதற்கு நோய் காரணமாகாது" என்றார் அதிகாரி.

டாக்டர் வராந்தாவுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சின்னப்பனிடம் அவர் போலீஸ் கேட்காத கேள்விகளைக் கேட்டார்.

"லோரி நிக்க முன்னம் டிரைவர் என்ன செய்தவர்?"

"ஜன்னல எறக்குன்னாரு, டாக்டர். குளுகுளுன்னுதான் இருந்துச்சு. ஆனா அவருக்கு வேர்த்து ஊத்துது. தண்ணி கேட்டாரு, குடிச்ச ஒடனே வாந்தி எடுத்தாரு. நெஞ்ச இப்படிப் பிடிச்சாரு. அப்புறந்தான் ஓரங்கட்டுனாரு."

"இதைப் போலீசுக்குச் சொன்னனீரோ?"

"அவங்க கேக்கல டாக்டர். யாரு மறிச்சாங்கன்னுதான் கேட்டாங்க."

பின்னேரம் வீராசாமி இறந்தார். கடைசிவரை அவர் பாதங்கள் என் கையில் இருந்தன. குளிர் தொடைக்கு ஏறியதை நான் உணர்ந்தேன். அஞ்சலை கத்தவில்லை. போலீஸ்காரர்கள் வாசலில் நிற்பதைப் பார்த்தபடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னமும் கனக்கிறது. காட்டு ஆட்களுக்கு உதவியவர்களின் குடும்பங்களைப் பிடித்து அடைப்பதும், இந்தியாவுக்குக் கப்பலேற்றுவதும் அந்நாளில் நடந்துகொண்டிருந்தது. அஞ்சலையும் பிள்ளைகளும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். கப்பலை அவர்கள் கண்டதுகூட இல்லை.

டாக்டர் அவளை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்தார்.

"பிள்ளை, உமக்கு நான் பொய் சொல்ல மாட்டன். உம்முடைய மனுசன் இதய நோவாலேதான் லோரியை நிப்பாட்டினவர் எண்டு நான் நம்புறன். நான் நம்புறது போலீசுக்குக் காணாது. உடம்பை அறுத்து இதயத்தைப் பாத்தால் காட்டலாம். போலீசுக்கு அது தேவையில்லை, நாளைக்கே புதைக்கச் சொல்லிப்போட்டினம். நீர் ஓம் எண்டால்தான் நான் கேட்டு வாங்குவன்."

"அறுத்தா தெரிஞ்சிருமா?"

"தெரியலாம். தெரியாமலும் போகலாம். இண்டைக்கு வந்த அடி இண்டைக்கே தசையிலை தெரியாது. அஞ்சு நாளுக்கு முன்னம் வந்த அடியாக இருந்தால் தெரியும்."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். உயிரோடு இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கே வர மறுத்த மனிதரை அறுக்கச் சொல்வதா? அறுத்தும் ஒன்றும் கிடைக்காவிட்டால் இரட்டைக் கேடு. அவளுடைய அண்ணன் குறுக்கே வந்து, "வேணாம், முழு உடம்பா அனுப்பு, போனது போகட்டும்" என்று அழுதார். அவள் அண்ணனை விலக்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

"டிரெசரய்யா, நீங்க கூட இருப்பீங்களா?"

"இருப்பேன்மா."

"அப்ப அறுங்க" என்றாள்.

மறுநாள் பாதை திறந்ததும் மாவட்ட மருத்துவமனைப் பிணவறையில் டாக்டரே கத்தி எடுத்தார். அதிகாரியும் வந்து மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சுவரோரம் நின்றார். நான் தட்டைப் பிடித்திருந்தேன். நுரையீரலை அறுத்ததும் நுரைத்த நீர் வழிந்தது. பிறகு இதயம். அதன் மேலே ஓடும் ரத்தக் குழாயைச் சிறிது சிறிதாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தார். ஒரு வெட்டில் கத்தி நின்றது. குழாய்க்குள் கருஞ்சிவப்பாக ஓர் அடைப்பு. இதயத்தின் முன்சுவரைத் திறந்தபோது, சிவந்த தசையின் நடுவே மஞ்சள் பாரித்த ஒரு திட்டு. விரலால் தொட்டால் பதிந்தது. என் உள்ளங்கையில் பாதியை மறைக்கும் அளவு இருந்தது.

டாக்டர் அதிகாரியைக் கிட்டே வரச்சொன்னார். "இந்தத் திட்டு நேற்றையதில்லை. சில நாட்களாகவே இந்த இதயம் பாதி செத்துப்போய்தான் வேலை செய்திருக்கிறது. நேற்று அடைத்தது மிச்சத்தையும் சாய்த்துவிட்டது. இந்த நிலையில் லோரியை ஓரங்கட்டி நிறுத்தியதே பெரிய காரியம். சின்னப்பன் உயிரோடு இருப்பது அதனால்தான்."

அதிகாரி குனிந்து பார்த்தார். "இதோடு அவர் அரிசி மூட்டை ஏற்றியிருக்கிறாரா?" என்று கேட்டார். "ஏற்றியிருக்கிறார்" என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அஞ்சலையைத் தேடி யாரும் வரவில்லை. சில வாரங்களில் சின்னப்பனையும் விட்டார்கள். அவன் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பாமல் ராசா என்ற ஊரில் தன் அக்கா வீட்டோடு தங்கிவிட்டான்.

அதன் பிறகு முப்பது ஆண்டுக்கும் மேலாக வேலை பார்த்தேன். சுங்கை செம்பிலாங்கிலிருந்து வந்த மீன்காரர் ஒருவர், பள்ளி வாத்தியார் ஒருவர், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஒருவர் என்று அதே குளிர்ந்த பாதங்களோடும் புடைத்த கழுத்தோடும் வந்தவர்களைப் பார்த்தேன். அநேகமாக எல்லாருமே போய்விட்டார்கள். அறிகுறிகளைக் கண்டுகொள்வது ஒன்று, காப்பாற்றுவது வேறொன்று. இன்றைக்கு அடைப்பை நீக்கக் கருவி இருக்கிறது. அன்று எங்களிடம் இருந்தது சீக்கிரம் தெரிந்துகொள்ளும் வழி மட்டும்தான். அதனால் நெஞ்சில் காற்று என்று யார் சொன்னாலும் நான் வேலை போய்விடும் என்ற பயத்தைத்தான் முதலில் போக்குவேன். இடது கையைப் பற்றிக் கேட்பது அதற்குப் பிறகுதான்.

போலீஸ் விட்டுவிட்டாலும் லயம் விடவில்லை. அரிசி போனதற்காகத் தோட்டம் முழுவதற்கும் ரேஷனைக் குறைத்திருந்தார்கள். பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? தண்ணீர்க் குழாயடியில் அஞ்சலை வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவளுடைய பிள்ளைகளிடம், "ஒங்கப்பன் அரிசிய எங்க வித்தான்?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, "அந்த வியாதிக்குப் பேரு என்னங்கய்யா?" என்றாள். ஆங்கிலப் பெயரைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"வாயில நொழைய மாட்டேங்குது. எனக்குப் புரியறாப்ல சொல்லுங்க."

சொன்னேன். உதடு அசைய அதை மனப்பாடம் செய்துகொண்டாள்.

அன்று சோறு வாங்கும் வரிசையில் நானும் நின்றேன். அதுவரை அவள் வீட்டுச் சோற்றை அண்ணன் வாங்கிக் கொடுத்துவந்தார், கணவன் போன பிறகு அன்றுதான் அவள் தானே வந்திருந்தாள். அஞ்சலை வரிசையை விட்டு விலகி, எல்லாருக்கும் முன்னால் போய் நின்றாள்.

"எம்புருஷன் அரிசிய விக்கல. நெஞ்சுக் கொழா அடைச்சு, இதயம் தளந்து போச்சு. அதனாலதான் லோரிய நிப்பாட்டுனாரு. அவர அறுத்துப் பாத்துட்டாங்க. நாந்தான் அறுக்கச் சொன்னேன். டிரெசரய்யா கண்ணால பாத்தாரு. இன்னும் சந்தேகம் இருக்கறவங்க அவர்கிட்ட கேட்டுக்கங்க."

நான், "உண்மைதான்" என்றேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டு ஓரடி பின்னால் நகர்ந்து, தனக்கு முன்னால் அஞ்சலைக்கு இடம் விட்டாள்.

அஞ்சலை பாத்திரத்தை நீட்டினாள். சமையற்காரர் பழக்க தோஷத்தில் மூன்று அகப்பை போட்டுவிட்டு நான்காவதை எடுத்தார். அவள் பாத்திரத்தின் மேல் கையை வைத்து மூடினாள்.

"மூணு பேருதாங்க" என்றாள்.